குதிர் இல்லாத வீடுகள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



"எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. கடன்காரன் வாசலில் நிற்கிறான். அப்பன் எங்கே என்கிறான். கேட்காத இடத்தைப் பிள்ளை தானாகவே சொல்லிவிடுகிறது. பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் தெமோதரையிலும் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் இந்தப் பழமொழியைப் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். வாக்கியத்தில் அமைத்தும் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒன்றைக் கூப்பிட்டு, "குதிர் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ ஒரு ரூம்பு சார்" என்று பதில் வரும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அது மட்டுமல்ல, அதன் தாயும் பாட்டியும் பாட்டியின் தாயும்கூடக் குதிரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

மண்ணைப் பிசைந்து, வைக்கோல் கலந்து, வளையம் வளையமாகச் செய்து உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளை மெழுகி, மேலே மூடி போட்டு, கீழே தானியம் எடுக்க ஒரு துளை விட்டு வைப்பது குதிர். ஓர் ஆள் உள்ளே ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். அதனால்தான் பழமொழியும் பிறந்தது. தொம்பை, குலுக்கை, பத்தாயம் என்று ஊருக்கு ஊர் வேறு வேறு வடிவங்களும் பெயர்களும் உண்டு. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஊவா மலைகளுக்கு வந்த எம் மக்கள் மாரியம்மனைக் கொண்டுவந்தார்கள், காமன் கூத்தைக் கொண்டுவந்தார்கள், பொன்னர் சங்கர் கதையைக் கொண்டுவந்தார்கள். குதிரை மட்டும் கொண்டுவரவில்லை. அதன் பெயர் ஒரு பழமொழிக்குள் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. பொருள் கரை ஏறவில்லை.

ஒரு வீட்டில் தானியம் சேர்த்து வைப்பதும், மொத்தமாகச் சாமான் வாங்கி அடுக்குவதும் இலக்கிய உரைக்கு ஏற்ற விடயமா என்று நேயர்களில் சிலர் நினைக்கக்கூடும். மலையக மக்களைப் பற்றி நகரத்தில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு வசனம் உண்டு: "தோட்டத்து ஆட்களுக்கு நாளைக்கென்று வைக்கத் தெரியாது, சம்பளம் வந்தால் மூன்று நாளில் முடித்துவிடுவார்கள்." கடைத் தெருவிலும் சொல்கிறார்கள், உத்தியோகத்தர் வீடுகளிலும் சொல்கிறார்கள், சில கதைகளிலும் கூட அந்த வாடை வீசுகிறது. அந்த வசனத்தைத்தான் இன்று சற்றுப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் எல்லார் வீட்டிலும் குதிர் நிறைந்திருந்தது, இங்கே வந்துதான் வெறுமையாயிற்று என்று கதை கட்டக்கூடாது. கப்பலேறியவர்களில் பெரும்பாலானோர் காணி இல்லாதவர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் ஏராளம். அவர்கள் கண்ட நிறைகுதிர் பெரும்பாலும் பண்ணையார் வீட்டுக் குதிர்தான். ஆனால் அறுவடைக் கூலியாகக் கிடைத்த நெல்லையோ கேழ்வரகையோ ஒரு பானையில் போட்டு, வாயைக் கட்டி, மூலையில் வைக்கும் பழக்கம் அந்த ஏழை வீட்டுக்கும் இருந்தது. கூலி தானியமாக வந்தவரை அதை மிச்சம் பிடிக்கவும் ஒரு வழி இருந்தது.

தோட்டத்தில் அந்த வழி அடைபட்டது. நெல் விளையாத மலையில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட வேண்டும். ஆகவே தோட்டமே மொத்த வியாபாரி ஆயிற்று. அரிசி கடல் கடந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியிலும் பொதிமாட்டிலும் மலையேறியது. ரயில் நானுஓயாவை 1885இல் தொட்டது. ஹப்புத்தளைக்கு 1893இலும், பண்டாரவளைக்கு 1894இலும் வந்தது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வந்து சேர இன்னும் முப்பது வருடம் எடுத்தது. 1924இல்தான் பதுளை ஸ்டேஷனில் ரயில் நின்றது. அதுவரை பதுளைக்கு அப்பாலிருந்த பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களுக்குப் போன ஒவ்வொரு மூட்டை அரிசியும் சக்கரத்திலோ முதுகிலோதான் ஏறியது. மழைக்காலத்தில் பாதை உடைந்தால் அரிசி வராது. ஆகவே துரைமார் அரிசியை மாதக்கணக்கில் சேர்த்து வைக்கக் கற்றுக்கொண்டார்கள். கல்லால் கட்டிய களஞ்சியம், தரையில் பலகை, கதவில் பெரிய பூட்டு. நீண்டகாலச் சேமிப்பு என்பதை ஊவாவில் யாரும் அறியாமல் இல்லை. தோட்ட நிர்வாகம் அதை மிக நன்றாக அறிந்திருந்தது. சாவி யாரிடம் இருந்தது என்பதுதான் விடயம்.

அரிசி போடும் நாளில் பெண்கள் சாக்கையும் ஓலைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கொத்து மரக்காலால் அளந்து கொட்டப்படும். செக்ரோலில் பெயருக்கு எதிரே பற்று எழுதப்படும். சம்பள நாளில் அது கழிக்கப்படும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும், சம்பளத்தைத் தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையோடு சேர்த்தே எண்ணினார்கள். இதில் ஒரு பாதுகாப்பு இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். வெளியே விலை ஏறினாலும் அடுப்பு எரிந்தது. ஆனால் அளவோடு கிடைக்கும் அரிசியில் மிச்சம் பிடிக்க வழி இல்லை. மிச்சம் பிடித்தாலும் வைக்க இடம் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுக்க வேண்டும். பழைய லயங்களில் இரு காம்பராக்களுக்கு நடுவே நின்ற சுவர் பல இடங்களில் கூரைவரை போகவே இல்லை. அடுத்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்பது மூக்குக்குத் தெரிந்துவிடும்.

தோட்டத்து எல்லையைத் தாண்டிச் சிங்களக் கிராமத்துக்குள் இறங்கினால், வீட்டு முற்றத்தில் "வீ பிஸ்ஸ" நின்றது. கற்களின்மேல் உயர்த்திக் கட்டிய, வரிச்சும் மண்ணும் பூசிய, தொப்பி போட்டதுபோல் கூரை வைத்த நெற்குதிர் அது. எம்மவர் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார்கள்.

இன்னொரு முரண் இருக்கிறது. உலகத்தில் உலர்ந்த பொருளைக் காப்பதைத் தேயிலைத் தொழிற்சாலை அளவுக்கு அறிந்த இடம் குறைவு. கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, அடுப்பில் காயவைக்கும்போது அதன் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குக் குறைக்கப்படுகிறது. அதற்குமேல் ஈரம் ஏறினால் மணம் போகும், பூஞ்சணம் பிடிக்கும். அதனால்தான் அந்நாளில் தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாளும் அலுமினியத்தாளும் விரித்தார்கள். லண்டன் ஏலத்துக்குப் போகும் தூளுக்குப் பலகைப் பெட்டி, உள்ளே தகடு, ஓரங்களில் தகரப் பட்டி. அந்தத் தூளை அடைத்த தொழிலாளியின் வீட்டு அரிசிக்கு நனைந்த சாக்கு. பிற்காலத்தில் கழிக்கப்பட்ட தேயிலைப் பெட்டி ஒன்று எப்படியோ லயத்துக்கு வந்து சேர்ந்தால், அதுதான் அந்த வீட்டின் பத்தாயம். உடுப்பும் அதற்குள், அரிசியும் அதற்குள், பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அதற்குள்.

சாவி வேறொருவரிடம் இருக்கும் களஞ்சியம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதைக் காலம் இரண்டு தடவை காட்டியது. 1942 மார்ச்சில் ஜப்பானியரிடம் ரங்கூன் வீழ்ந்தது. இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்ததால் கப்பல் நின்றது, பங்கீடு வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. மாவைப் பார்த்து முதலில் முகம் சுளித்த லயங்கள் பிறகு ரொட்டி சுடப் பழகின. இன்று தோட்டத்துக் காலை உணவென்றால் ரொட்டியும் சம்பலும் என்று ஆகிவிட்டது. இது எம் மக்களின் ஆதிகாலத்து உணவு என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படியல்ல, யுத்தம் தந்த உணவு.

இரண்டாவது தடவைதான் கொடியது. 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு, வாரம் ஒரு கொத்தாக இருந்த கூப்பன் அரிசியை இரண்டு கொத்தாக்கியது. 1973இல் உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் ஏறின; எண்ணெய் விலையும் ஏறியது; அரசிடம் அந்நியச் செலாவணி இல்லை. அரிசி, மா, சீனி என்று ஒவ்வொன்றாக வெட்டு விழுந்தது. நெல்லை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத் தடை. பஸ்ஸை மறித்து, மடியைத் தடவி, பைக்குள் இருக்கும் சில கொத்து அரிசியைத் தேடிய நாட்களை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கிராமத்தில் ஒரு துண்டுக் காணி இருந்தது, பலாமரம் இருந்தது, பிஸ்ஸவில் அடிமட்டத்திலாவது கொஞ்சம் நெல் கிடந்தது. தோட்டத்தில் கூப்பனைத் தவிர வேறொன்றும் இல்லை. அதே காலத்தில் தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் அவை அரசுடைமையாயின. இடையில் வேலை நாட்கள் குறைந்தன. வாரத்தில் மூன்று பேர் விழுந்தால் பெரிது என்ற நிலை. 1974இல் நாடு முழுவதும் மரண விகிதம் ஏறியது. தோட்டப் பகுதியில் அது ஏறியது இன்னும் பன்மடங்கு. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கு மேற்பட்டவை ஒரு வயதை எட்டவில்லை. மரவள்ளிக்கிழங்கும், காட்டுக் கிழங்கும், பெயர் தெரியாத கீரைகளும் தின்றார்கள். மலையக நகரங்களின் வீதிகளில் குடும்பம் குடும்பமாகப் பிச்சை கேட்டார்கள். அந்தப் பசிக்குப் பயந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கியவர்களும் உண்டு.

இதே ஆண்டுகளில் இறக்குமதி நின்றதால் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்து யாழ்ப்பாணத்து விவசாயி தலை நிமிர்ந்தான். அவன் உழைத்தான், பெற்றான், அதில் தவறில்லை. ஆனால் ஒரே மொழி பேசும் இரண்டு சமூகங்களில் ஒன்றின் ஞாபகத்தில் 1974 மிளகாய் வருஷமாகவும் மற்றதன் ஞாபகத்தில் பஞ்ச வருஷமாகவும் இருக்கிறது. நம் இலக்கிய மேடைகள் இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. தெளிவத்தை ஜோசப்பின் "காலங்கள் சாவதில்லை" என்ற நாவல் வெளிவந்ததும் 1974இல்தான். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு எழுதியவர் அவர். அந்த நாவலை வாங்கிப் படித்த நகரத்து வாசகர்களில் எத்தனை பேர், அதே வாரத்தில் லயத்து அடுப்பில் என்ன இருந்தது என்று யோசித்தார்களோ!

இந்தப் பஞ்சத்தைக் கண்ட ஒரு அம்மாயியிடம் பேசிக்கொண்டிருந்தபோது நான் அறியாத ஒன்றைச் சொன்னார்.

"அரிசி வந்த நாள்ள எல்லாம் நாங்க பிடியரிசி எடுப்போம் தம்பி. ஒலையில போடறதுக்கு முந்தி ஒரு பிடி. மாரியம்மனுக்குன்னு ஒரு முட்டியில போடுவோம். பஞ்சத்துல அந்த முட்டியையும் தொட்டாச்சு. ஆத்தா கோவிச்சுக்குவாளோன்னு பயந்துகிட்டே தொட்டோம்."

"கோவிச்சுக்கிட்டாளா அம்மாயி?"

"அவ என்னா செய்வா? அவளுக்கும் அன்னிக்குப் பொங்கல் இல்லதானே."

பிடியரிசியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி ஏறத்தாழ முப்பது கிராம். நாளைக்கு இரண்டு வேளை, மாதம் முப்பது நாள் என்றால் 1,800 கிராம். இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வருடத்தில் இருபது கிலோவைத் தாண்டிவிடும். திருவிழாவுக்கென்று எடுத்து வைத்தாலும், அது லயத்துப் பெண்கள் தம் கையில் சாவியை வைத்துக்கொண்ட ஒரே களஞ்சியம். "நாளைக்கென்று வைக்கத் தெரியாதவர்கள்" என்று பேசுபவர்கள் இந்த முட்டியைப் பார்த்ததில்லை.

இனிக் கடைக்கு வருவோம். அரிசி போடும் முறை போய், பற்றுக் கொப்பி முறை வந்தது. பதுளை பஸார் வீதியிலோ பசறை டவுனிலோ சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். காதில் விழும் பேச்சு இப்படி இருக்கும்:

"மொதலாளி, இந்தத் தடவ அரிசி மூட்டையாவே குடுங்களேன். கொப்பியில எழுதிக்குங்க."

"மூட்டைன்னா காசு முழுசா வைக்கணும் அக்கா. கொப்பின்னா அஞ்சு கிலோதான். எனக்கும் கொழும்புல குடுக்கணுமே."

முதலாளி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். காசுள்ளவன் ஐம்பது கிலோ மூட்டையை மொத்த விலையில் எடுக்கிறான். காசில்லாதவள் அதே அரிசியைக் கிலோக் கிலோவாக, பருப்பைக் கால் கிலோவாக, மிளகாய்த் தூளை ஐம்பது கிராம் பக்கற்றாக வாங்குகிறாள். ஒவ்வொரு பக்கற்றிலும் உறைக்கும் கூலிக்கும் இலாபத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறாள். வருட முடிவில் ஏழை தின்ற பருப்புத்தான் அதிக விலைப் பருப்பு. சேமிப்புக்கு வேண்டிய முதல் பொருள் அரிசியும் அல்ல, தகரமும் அல்ல. ஒரே தடவையில் கையில் இருக்க வேண்டிய முழுக் காசு. பத்தாம் திகதி வரும் சம்பளம் பழைய கொப்பிக்குப் போய்விட்டால் அந்தக் காசு எந்த மாதமும் சேராது.

எவ்வளவு வேண்டும்? இலங்கையில் ஓர் ஆள் வருடத்துக்கு நூறு கிலோவுக்கு மேல் அரிசி தின்கிறார் என்பது பொதுவான கணக்கு. ஐந்து பேருள்ள வீட்டுக்கு மாதம் ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம்; ரொட்டி தின்னும் வீட்டில் அதில் ஒரு பங்கு மாவாக மாறும். மூன்று மாதத்துக்கு வைத்தால் மூன்று மூட்டை. பத்துக்குப் பன்னிரண்டுக் காம்பராவில் மூன்று மூட்டை என்பது ஒரு பிள்ளை படுக்கும் இடம். ஆகவே லயத்தில் மூன்று மாதம் பேசுவது வீண். ஒரு மாதத்துச் சோறும், இரண்டு மாதத்துப் பருப்பும் உப்பும் முன்கூட்டி இருந்தாலே அந்த வீடு கடைக்காரரோடு நின்று பேசும்.

பிறகு மலையின் ஈரம் இருக்கிறது. ஊவாவின் பருவம் நாட்டின் மற்ற மலைகளுக்கு எதிர்மாறானது. ஹட்டன் பக்கம் மழையில் நனையும் ஆனி, ஆடி மாதங்களில் எங்களுக்கு வறண்ட காற்று அடிக்கும்; அந்தக் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்த மணத்தைத் தருகிறது. ஐப்பசியிலிருந்து தை வரை எங்கள் மழை. ஆகவே சேமிக்க நினைப்பவர் அந்தக் காற்றுக் காலத்தில் சாமானைக் காயவைத்து அடைத்துவிட வேண்டும். மழை பிடித்த பிறகு அடைத்தால் ஈரத்தையும் சேர்த்தே அடைக்கிறோம். மிளகாய், மல்லி, பருப்பு ஆகியவை நல்ல வெயிலைத் தாங்கும். அரிசியைக் கடும் வெயிலில் போடக்கூடாது, வெடித்துக் குருணையாகும். நிழலில் காற்றாட விட்டு, சூடு முழுவதும் ஆறிய பிறகே டின்னில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும், வேர்த்தால் பூஞ்சணம்.

வண்டு எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்பதுண்டு. அது வீட்டில் பிறப்பதில்லை, அரிசியோடு வருகிறது. பெண் வண்டு மணியில் சிறு துளையிட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, துளையை மூடிவிடுகிறது. கண்ணுக்கு அரிசி சுத்தமாகத் தெரியும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் உள்ளேயே தின்று வளர்ந்த வண்டு வெளியே வரும். குளிரில் அதன் வளர்ச்சி மந்தம். எழுநூறு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலுள்ள பதுளை டவுனில் பெருகும் வேகத்தில் ஹப்புத்தளையில் பெருகாது. ஆனால் ஹப்புத்தளையில் மூடுபனியின் ஈரம் அந்த நன்மையைத் தின்றுவிடும். மூடி இறுக்கமான டின்னில் வாய் வரை நிரப்பி, காற்று நுழையாமல் அடைத்தால் உள்ளே இருக்கும் வண்டு மூச்சு முட்டிச் சாகும். அரைவாசி நிரம்பிய டின்னில் அதற்கு நிறையக் காற்று இருக்கிறது. ஆகவே ஒரு பெரிய பீப்பாயைவிட நாலு பிஸ்கட் டின் நல்லது. ஒன்றைத் திறந்தால் மற்ற மூன்றும் மூடியே இருக்கும். வேப்பிலை போடும் வழக்கத்துக்கு மேல்மலையில் வேம்பு கிடையாது. வெல்லவாய, பிபிலைப் பக்கம் போகிறவரிடம் சொல்லி எடுப்பிக்க வேண்டும். காய்ந்த மிளகாய் நாலைந்து போடுவாரும் உண்டு.

தவிட்டு அரிசி, கைக்குத்து அரிசி உடம்புக்கு நல்லதுதான், நாட்படாது. தவிட்டில் உள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். நாள்பட வைக்க வெள்ளைப் புழுங்கலே ஏற்றது. கோதுமை மாவை நம்பி மாதக்கணக்கில் இருக்க முடியாது. சிவப்பு வண்டு விழுந்தால் மணமும் நிறமும் மாறும், சலித்தாலும் ரொட்டி கசக்கும். மூட்டை எதுவானாலும் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள். இரண்டு பலகைத் துண்டு அடியில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

இரண்டு எச்சரிக்கைகளைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். தோட்டத்தில் இலகுவாகக் கிடைப்பது உர உறையும் மருந்து வந்த பிளாஸ்டிக் பீப்பாயும். எத்தனை தடவை கழுவினாலும் அவற்றில் உணவுப் பொருளை வைக்கக்கூடாது. களஞ்சியங்களில் வண்டுக்குப் போடும் வில்லைகளை வீட்டு அரிசிக்குப் போடவே கூடாது. அதிலிருந்து வரும் புகை வண்டை மட்டும் கொல்லாது. மூடிய காம்பராவில் தூங்கும் பிள்ளையையும் கொல்லும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி எழும். பஞ்ச காலத்தில் சேர்த்து வைப்பது பதுக்கல் ஆகாதா? 2021 ஆகஸ்ட் இறுதியில் அவசரகால விதிகளைப் போட்டு, சீனி மூட்டைகள் அடுக்கியிருந்த களஞ்சியங்களை அதிகாரிகள் திறந்தபோது பத்திரிகைகள் எல்லாம் பதுக்கல் என்றே எழுதின. தமிழில் நல்ல வேளையாக இரண்டு சொற்கள் இருக்கின்றன. விற்க வைத்திருப்பது பதுக்கல். தின்ன வைத்திருப்பது சேமிப்பு. ஆனால் சந்தை வெறுமையாகிய பிறகு ஓடிப்போய் மூட்டை தூக்குவது, தின்பதற்கே ஆனாலும், பின்னால் நிற்பவரின் பங்கைத் தூக்குவதுதான். சேமிப்பைச் செய்ய வேண்டியது கடை நிறைந்திருக்கும் நாளில்.

அப்படி நிறைந்திருக்கும் நாளில் எம் மக்களிடம் காசு இருந்ததில்லை என்பதே சிக்கல். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. பெரிய வெற்றி என்று பட்டாசு கொளுத்தினார்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. அந்த வருடத்தில் ஒரு கிலோ மா நானூறு ரூபாயைத் தொட்ட நாட்கள் இருந்தன. ஒரு நாள் பேருக்கு இரண்டரைக் கிலோ மா! அம்மாயிமார் அப்போது பேசியதெல்லாம் 1974ஐப் பற்றித்தான்.

பஞ்சம் மட்டுமல்ல, பயமும் எம்மைச் சேர்க்கச் சொல்லியது. 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளையில் தமிழர் கடைகள் எரிந்தபோது அரிசியும் பருப்பும் கருவாடும் சேர்ந்து எரிந்தன. 1988, 1989இல் கடையை மூடு என்று துண்டுக் காகிதத்தில் கட்டளை வந்தால் கடை மூடும். மறுநாள் திறந்தவருக்கு உயிர் உத்தரவாதம் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்து பாதைகள் அறுந்தன. ஒவ்வொரு தடவையும் லயத்தில் ஒரு கிழமைக்குள் மாவும் சீனியும் முடிந்தன. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, சேர்த்தவர் சேர்க்காதவர் என்ற பேதமே இல்லாமல் போயிற்று. மலையடிவாரத்து லயத்தில் தகரப் பெட்டி எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. பாதுகாப்பான நிலத்தில் ஒரு வீடும், அதற்குள் சாமான் வைக்க ஓர் அறையும் வேண்டுமென்று கேட்பது ஆடம்பரமல்ல.

இப்போது சில தோட்டங்களில் பெண்கள் செய்யும் ஒரு காரியத்தைப் பார்க்கிறேன். காசுச் சீட்டுப் பிடித்துப் பழகியவர்கள் அரிசிச் சீட்டுப் பிடிக்கிறார்கள். ஐந்து வீடு சேர்ந்து ஆளுக்குப் பத்துக் கிலோவின் காசைச் சம்பளத்தன்றே, கொப்பிக்குப் போகுமுன், ஒருத்தியிடம் கொடுத்துவிடுகிறார்கள். இருவர் டவுனுக்குப் போய் மூட்டையாக எடுத்து, ஓட்டோவில் ஏற்றி வருகிறார்கள். அடுத்த மாதம் பருப்பு, அதற்கடுத்த மாதம் செத்தல் மிளகாயும் மல்லியும். பதுக்கல் என்று யாரும் சொல்ல முடியாது. மூட்டையைத் திறப்பது லயத்து இஸ்தோப்பில், பத்துப் பேர் பார்க்க. கடை முதலாளியும் ரொக்கம் என்பதால் இறங்கித்தான் வருகிறார். கடனில்லாமல் வாங்குகிறவளைத் "தங்கச்சி, இருங்க, நல்ல அரிசி உள்ள இருக்கு" என்று கூப்பிட்டு உட்கார வைக்கிறார்.

பிரிக்கும்போது தராசு கிடையாது. ஒரு பழைய பால் டின் இருக்கிறது, அதுதான் அளவு. தலை தட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா என்று முதல் மாதமே பேசித் தீர்த்துவிட்டார்களாம், தலை தட்டித்தான். அடியில் மிஞ்சும் குருணை கோழி வளர்க்கும் வீட்டுக்கு. வெறும் சாக்கு மட்டும் இன்னும் தீராத வழக்கு. கொழுந்தெடுக்கும்போது மழைக்கும் செடிக்கும் இடுப்பில் கட்டும் படங்குக்கு அது நல்ல சாக்கு. ஐந்து பேருக்கும் வேண்டும். முறை வைத்துத்தான் எடுக்கிறார்கள். போன தடவை நான் போயிருந்தபோது, இந்த மாதத்து முறை யாருடையது என்று பெரிய பேச்சு நடந்துகொண்டிருந்தது.